கஷ்டமான கண் முதலில்

காலை ஆறரைக்கே நீலாவின் இடக்கையில், மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை, ஏழு கறுப்புக் கோடுகள் விழுந்துவிடும். ஒவ்வொன்றின் பக்கத்திலும் பேனாவால் ஓர் எண். அந்தக் கையோடுதான் காசிமேட்டுக்குப் போய் மீன் வாங்குவார், வந்து கழுவுவார், அடுப்படியில் நிற்பார், துணி துவைப்பார். மாலை ஐந்து மணிக்குக் கோடு மங்காமல் நின்றால் அந்த ஐலைனர் தேறியது. இந்த வருடம் இதுவரை முப்பத்தொன்றைச் சோதித்திருக்கிறார். தேறியவை ஐந்து.

திருவொற்றியூரில் எங்கள் வீட்டுக் கீழ்த்தளத்தில்தான் அவருடைய பியூட்டி பார்லர். மூன்று வருடம் நான்கு மாதம் ஆகிறது. வாசல் பெஞ்சில் பேப்பர் படிப்பவனுக்கு உள்ளே பேசுவது முழுவதும் கேட்கும்; திரை ஒதுங்கியிருந்தால் பாதி தெரியவும் செய்யும். "இன்னா நைனா, ஒரே பக்கத்த ஒரு மணி நேரமா படிக்கிறியே, மனப்பாடம் பண்றியா?" என்று அவரே என்னைக் கேட்பார்.

மணப்பெண் யாராக இருந்தாலும் முதல் கேள்வி, "எந்த ஏரியாம்மா?" காசிமேடு என்றால் வியர்வையும் உப்புக்காற்றும், அதற்கு ஒரு டப்பா. எண்ணூர் என்றால் அனல்மின் நிலையச் சாம்பல் தூசு, கண்ணைக் கசக்கிக்கொண்டே இருப்பார்கள், அதற்கு வேறு. மணலியில் எண்ணெய் ஆலைகளிலிருந்து காற்றோடு வரும் நெடியில் கண் கலங்கும். "மணலிக்கு ஜெல்லுதான். தண்ணி மாரி கீறத போட்டா, தாலி கட்றதுக்குள்ள கன்னத்துக்கு எறங்கிடும்."

சென்ற ஞாயிறு ஏழு நாற்பதுக்கு, மணலி புதுநகரிலிருந்து கீர்த்தி என்ற பெண் தன் அம்மா செல்லம்மாவுடன் வந்தாள். பதினொரு மணிக்கு நிச்சயதார்த்தம். பள்ளி நாளில் பட்டாசு பட்டு அவளுடைய இடக்கண் இமை சற்றே தொங்கிவிட்டது. நீலா கிட்டே போய்ப் பார்த்தார்.

"ஒரு நூல்தான் எறங்கிக்கீது."

"மாப்பிள்ள வூட்ல பாத்துட்டாங்க, அவங்களுக்கு ஒண்ணும் இல்ல," என்றாள் கீர்த்தி. "போட்டோதான்க்கா. இன்னிக்கி ஒண்ணாவது நேரா பாத்து எடுக்கணும்."

"பக்கவாட்டுல நின்னுக்கோன்னா கேக்க மாட்டேங்குது," என்றார் செல்லம்மா.

நீலா பெண்ணின் போனை வாங்கிப் படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். "எல்லாத்துலயும் ரைட் கன்னம்தான் கீது. லெப்ட்ட இன்னா, வாடகைக்கு வுட்டுட்டியா?" கீர்த்தி சிரித்துவிட்டாள்.

நீலா யாரையும் கண்ணை மூடச் சொல்வதில்லை. எதிரே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, "தொறந்து என்னியே பாரு" என்பார். கஷ்டமான கண்தான் முதலில். "நல்ல கண்ண ஜோரா போட்டுட்டு, அப்பால இத்த அதுக்கு ஈடா இழுத்தா, ரெண்டும் பேஜாராயிடும்."

இடக்கண்ணில் இமைமயிரை ஒட்டி, மணலிக்கான ஜெல்லில் மெல்லிய கோடு ஒன்று இழுத்தார். அரை நிமிடத்தில் கண் கலங்கி, மை இமையெல்லாம் அப்பிக்கொண்டது. அன்று மேற்கிலிருந்து காற்று. மணலி நெடி எங்கள் தெருவரை வந்திருந்தது. செல்லம்மா தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைக்க வந்தார். நீலா அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எண்ண பட்டா அப்பால இன்னா போட்டாலும் வழுக்கிகினு பூடும்மா."

வெறும் தண்ணீரில் பஞ்சை நனைத்துத் துடைத்தார். இமை தானாகக் காயும்வரை ஒன்பது நிமிடம் மூவரும் காத்திருந்தார்கள். பிறகு கொஞ்சம் பவுடர் ஒற்றி, இன்னும் கெட்டியான வேறொரு ஜெல் டப்பாவைத் திறந்து, அதே கோட்டை மறுபடி இழுத்தார். மறுபடியும் கண்ணில் நீர் திரண்டது. நீலா துடைக்கவில்லை, துடைக்க விடவும் இல்லை. வாய்விட்டு நூறு வரை எண்ணினார். கோடு அசையவில்லை.

அதன் பிறகே வலக்கண். அங்கே கோட்டைத் தடிமனாக்கினார். "அந்தக் கண்ண தூக்க முடியாது. இத்த கொஞ்சம் எறக்கினா ரெண்டும் ஒண்ணாயிடும்."

கீர்த்தி கண்ணாடியை நெடுநேரம் பார்த்தாள். "எடுங்கக்கா," என்று போனை நீட்டினாள்.

நீலா போனை உயர்த்தியதும், பழக்கத்தில் அவள் முகம் தன் இடப்பக்கம் திரும்பியது. நீலா தன் வலப்பக்கம் ஓரடி நகர்ந்து அவளுக்கு நேரெதிரே நின்றார். முகம் இன்னும் கொஞ்சம் திரும்பியது. நீலா இன்னும் ஓரடி நகர்ந்தார். மூன்றாம் முறை அந்த முகம் திரும்பவில்லை. அடுத்த அடிக்குத் தூக்கிய காலைக் கீழே வைக்காமலே நீலா படம் எடுத்தார்.