வெள்ளிக்கிழமைக் கிழங்குப் பிரட்டல்

மீன் என்றால் என்னிடம் கேளுங்கள். குச்சவெளியில் வள்ளத்துக்கும் வலைக்கும் நடுவில் வளர்ந்தவன் நான். சூரை, பாரை, கணவாய், எதைத் தந்தாலும் கண்ணை மூடிக்கொண்டு கறி வைப்பேன். மரக்கறி என்று வந்தால் மட்டும் எனக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது. அதனால்தான் என் மனைவி அன்றைக்கு உருளைக்கிழங்கைத் தேர்ந்தெடுத்தாள்.

"கிழங்குப் பிரட்டலைப் பழுதாக்கிற ஆள் இன்னும் பிறக்கேல்லை" என்றாள்.

நான் பிறந்து நாற்பத்திரண்டு வருடமாகிவிட்டது என்பதை மறந்துவிட்டாள்.

அன்று வெள்ளிக்கிழமை. அவளுடைய அப்பா கண் கிளினிக்குக்காகத் தம்பலகாமத்திலிருந்து வருகிறார். மத்தியானம் எங்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டு மூன்று மணி பஸ்ஸில் திரும்பிவிடுவார். மாமனார் வந்து சாப்பிடுவதில் என்ன இருக்கிறது என்று நினைப்பீர்கள். கல்யாணமாகி ஒன்பது வருடத்தில் அந்த மனிதர் எங்கள் வீட்டில் கை நனைத்ததில்லை. சோறு கிடக்கட்டும், ஒரு மிடறு தண்ணீர் குடித்ததில்லை. இரண்டே இரண்டு தடவை வந்தார். இரண்டு தடவையும் வாசலில் கதிரையைப் போடச் சொல்லி இருந்துவிட்டு, "இப்பதான் குடிச்சிட்டு வந்தனான்" என்று எழும்பிப் போனார்.

அவர்கள் வயற்காரர், நாங்கள் கடற்காரர். மகள் விரும்பிக் கட்டியவன் வீட்டுத் தண்ணீர் அவருக்குத் தொண்டையில் இறங்காது. எனக்கு ரோசம் வராமல் இருக்குமா? "வராட்டிப் போகட்டும், ஆருக்கு நட்டம்?" என்று எத்தனையோ தரம் கத்தியிருக்கிறேன். அந்த இரண்டு தடவையும் அவள் கதிரையைத் தூக்கி உள்ளே வைத்தாள், அவ்வளவுதான்.

மாமி காலமான பிறகு மனிதர் தனியாகத்தான் இருந்தார். இந்த முறை அவராகவே போனில், "மத்தியானம் உங்கை சாப்பிடலாமோ?" என்று கேட்டாராம். அவள் போனை வைத்துவிட்டு அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு சந்தைக்குப் போய் ஒரு புது மண்சட்டி வாங்கி வந்தாள்.

சட்டி எதற்கென்றால், எங்கள் ஊர்ப்பக்கம் சைவ சமயத்தவர் வீடுகளில் மீன் காய்ச்சும் சட்டி வேறு, மரக்கறிச் சட்டி வேறு. மண்சட்டி மீன் வாசத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும். எத்தனை தரம் கழுவினாலும் சூடேறியதும் வெளியே விட்டுவிடும். மாமா மற்ற நாட்களில் மீன் சாப்பிடுவார். வெள்ளிக்கிழமை என்றால் மீன், மச்சம் பட்ட அகப்பையைக்கூடத் தொடமாட்டார். என்னைக் கட்டிய பாவத்துக்கு அவள் வீட்டில் இருந்ததெல்லாம் மீன் சட்டிதான். புதுச் சட்டியில் இரண்டு நாள் கஞ்சித் தண்ணீர் ஊற்றிப் பழக்கி, குசினி மேல்தட்டில் கவிழ்த்து வைத்தாள்.

"இஞ்சேருங்கோ, மேல்தட்டிலை இருக்கிற சட்டியிலைதான் வைக்கோணும். விளங்கிச்சோ?"

"ஓம், ஓம். நான் என்ன சின்னப்பிள்ளையோ?"

அவள் விடியவே ஆஸ்பத்திரிக்குப் போனாள், அப்பாவோடு வரிசையில் இருக்க. துறைமுகத்துப் பக்கம் வள்ளங்களின் எஞ்சின் திருத்துகிற என் வேலைக்கு அன்றைக்கு லீவு போட்டுவிட்டேன்.

சோற்றை முதலில் வடித்தேன். கிழங்கை அவித்து, விரல் சுடச் சுடத் தோல் உரித்து, கத்தி வைக்காமல் கையாலேயே உடைத்தேன். எண்ணெயில் கடுகு வெடித்தது. பெருஞ்சீரகம், வெங்காயம், பச்சைமிளகாய், கறிவேப்பிலை. வெங்காயம் சிவந்ததும் மஞ்சள், உப்பு, வறுத்தரைத்த தூள். கிழங்கைக் கொட்டிப் பிரட்டினேன். அடி பிடிக்கத் தொடங்கும் நேரம் பார்த்து இறக்கி, தேசிக்காய் பிழிந்துவிட்டேன். வாயில் ஒரு துண்டு போட்டுப் பார்த்தேன். சும்மா சொல்லக்கூடாது, அருமை! நானும் ஒரு ஆள்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்பளம் எடுக்க மேல்தட்டுக்குக் கையை நீட்டினேன். அங்கே புதுச் சட்டி, வைத்தது வைத்தபடி கவிழ்ந்து கிடந்தது.

அடுப்பைத் திரும்பிப் பார்த்தேன். ஒவ்வொரு நாளும் எடுக்கிற மீன் சட்டியைத்தான் என் கை எடுத்திருக்கிறது. மூடியைத் திறந்தேன். கிழங்கு வாசத்துக்குப் பின்னால், நேற்று வைத்த பாரைக் குழம்பு மெல்ல எழும்பி வந்தது. கறி ஏன் அவ்வளவு அருமையாக இருந்தது என்று அப்போதுதான் விளங்கியது. "விசரா, விசரா" என்று தலையில் அடித்துக்கொண்டேன். கூடையில் மூன்று கிழங்கு மிச்சம் கிடந்தது. அதை எடுக்கக் குனியவும் வாசலில் ஓட்டோ வந்து நிற்கவும் சரியாக இருந்தது. கிளினிக் நேரத்தோடு முடிந்துவிட்டதாம்.

மாமாவின் கண்ணுக்கு மருந்து விட்டிருந்தார்கள். வெளிச்சம் கூசியதால் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நேரே உள்ளே வந்து சாப்பாட்டு மேசைக் கதிரையில் இருந்தார். ஒன்பது வருடத்தில் வாசலைத் தாண்டியது அதுதான் முதல் தடவை. அவள் முகத்தில் ஒரு சிரிப்பு, கல்யாண வீட்டில்கூட நான் அப்படிப் பார்க்கவில்லை. அந்தச் சிரிப்போடு குசினிக்குள் வந்து மூடியைத் திறந்தாள். சிரிப்பு போய்விட்டது.

"மேல்தட்டிலை எண்டெல்லோ சொன்னனான்..."

"மூண்டு கிழங்கு கிடக்கு. அப்பாவிட்டைச் சொல்லிப்போட்டுத் திருப்பி வைப்பம்."

"இப்ப எழும்பிப் போனாரெண்டால் இனி இந்தப் பக்கம் வரமாட்டார்." என் கையைப் பிடித்துக்கொண்டாள். "சொல்லாதேங்கோ. அவருக்குக் கண்ணும் வடிவாத் தெரியேல்லை. ஒரு நாள், ஒரே ஒரு நாள் சாப்பிட்டிட்டுப் போகட்டும்."

அவள் என்னிடம் அப்படிக் கெஞ்சியதே இல்லை. நான் வாயை மூடிக்கொண்டேன். அவள் சோறு போட்டாள், கிழங்கு போட்டாள், தயிர் வைத்தாள். மாமா கையைக் கழுவி, தட்டைத் தடவிப் பார்த்து, சோற்றையும் கிழங்கையும் பிசையத் தொடங்கினார். இத்தனை வருடம் எங்களைச் சும்மா தள்ளி வைத்த மனிதர். எங்கள் வீட்டில் அவர் சாப்பிடுகிற முதல் பிடியே அவர் விரதத்தைக் கெடுக்கிற பிடியாக இருந்தால், அவர் நினைத்தது சரியென்று ஆகிவிடாதா? பிடி மேலே எழும்பியது.

"மாமா, பொறுங்கோ. சாப்பிடாதேங்கோ."

கை நின்றது.

"அது மீன் சட்டியிலை வைச்ச கறி. இவ புதுச் சட்டி வாங்கி வைச்சவ. நான்தான் மாறி எடுத்திட்டன். பிழை முழுக்க என்ரை."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். மாமா பிடியைத் தட்டிலேயே வைத்தார்.

"கண்ணிலைதான் மருந்து விட்டவை" என்றார். "மூக்கிலை இல்லை."

அவள் கண்ணைத் திறந்தாள்.

"வாசல்லையே மணந்தது. நீர் சொல்லுறீரோ எண்டுதான் பாத்துக்கொண்டிருந்தனான்."

"சொல்லாமல் விட்டிருந்தால் என்னப்பா செய்திருப்பியள்?" என்று அவள் கேட்டாள்.

"அதையேன் இப்ப? தண்ணி கொஞ்சம் தா பிள்ளை."

அவள் ஓடிப்போய்ச் செம்பில் கொண்டுவந்தாள். மனிதர் அண்ணாந்து, ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தார். செம்பை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"கிழங்கு இன்னும் கிடக்கோ?"

"மூண்டு கிடக்கு, மாமா."

"மூண்டு பேருக்குக் காணும். வையும். நான் இருக்கிறன்."

புதுச் சட்டியில் மறுபடி வைத்தேன். பதற்றத்தில் உப்புக் கூடிவிட்டது, வெங்காயமும் கொஞ்சம் கருகிவிட்டது. பழுதாக்குகிற ஆள் பிறந்துவிட்டான் என்பது நிரூபணமானது. மாமா ஒரு குறையும் சொல்லாமல், தயிரை அள்ளி ஊற்றி ஊற்றி இரண்டு தரம் சோறு கேட்டுச் சாப்பிட்டார்.

கை கழுவிய பிறகு நான் முதல் கறியைக் கொட்டச் சட்டியைத் தூக்கினேன். மேசையிலிருந்து குரல் வந்தது.

"உதை ஏன் எறியப் போறீர்? மூடி வையும்."

"இல்லை மாமா, இது மீன் சட்டி..."

"இண்டைக்குத்தானே வெள்ளி. நாளைக்கு விடியப் பாணோடை சாப்பிடுவம்."

மணிக்கூட்டைப் பார்த்தேன். மூன்று மணி பஸ் போய் அரை மணித்தியாலம் ஆகியிருந்தது. என் மனைவி அறைக்குள் போய், அலுமாரியைத் திறந்து, அப்பாவுக்குத் தலையணை உறை தேடத் தொடங்கினாள்.