ஏழெட்டுப் பேர் ஏறும் ஸ்டேஷன்

ரயில் டிக்கெட்டின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி அச்சடித்திருந்தார்கள் ஒரு காலத்தில். உங்கள் பயணத்துக்கு ஆகிற செலவில் ஒரு பங்கை நாட்டின் சாதாரண ஜனங்கள் சுமக்கிறார்கள், உங்களுக்குத் தெரியுமா என்கிற மாதிரி. டிக்கெட் வாங்குகிறவர்கள் யாரும் அதைப் படிப்பதில்லை. என் அக்காவின் புருஷன் படித்தார். மாமாவுக்கு இங்கிலீஷ் எழுத்துக் கூட்டத்தான் வரும் என்பதால் டிக்கெட்டை என்னிடம் நீட்டி, "இன்னாம்மா போட்டுக்கீறான் இதுல?" என்று கேட்டார். நானும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் விளக்கிச் சொன்னேன்.

"அப்போ நம்ம போற செலவ வேற எவனோ குடுக்கிறானா?"

"எவனோ இல்ல மாமா, நீயுந்தான். நீ வாங்குற சோப்புல கூட வரி கீது."

அவருக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. வீடு போய்ச் சேரும்வரை டிக்கெட்டைச் சட்டைப் பையிலிருந்து எடுப்பதும் பார்ப்பதுமாக இருந்தார். யார் வீட்டு விருந்திலோ அழைக்காமல் போய் உட்கார்ந்துவிட்டவர் போல முகம் சிறுத்துப் போயிருந்தது. பிறகு அந்த வரி டிக்கெட்டிலிருந்து போனதா இருக்கிறதா, நான் கவனிக்கவில்லை. மாமாவிடமிருந்து போகவில்லை.

எங்கள் ஊர் ஆந்திராவில், புத்தூருக்கும் ரேணிகுண்டாவுக்கும் நடுவில் இருக்கிறது. ஸ்டேஷன் என்று சொன்னால் ரயில்வேக்காரர்களே சிரிப்பார்கள். ஒரு மண் பிளாட்பாரம், இரண்டு சிமெண்ட் பெஞ்சு, தகரம் போட்ட ஒரு அறை, அதில் கமிஷனுக்கு டிக்கெட் கொடுக்கிற ஒருவர். காலையில் திருப்பதிக்குப் போகும் பாசஞ்சர் நிற்கும், சாயங்காலம் அது திரும்பி வரும்போதும் நிற்கும். நான் கல்யாணமாகிச் சித்தூருக்கு வந்து, இங்கேயே ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருக்கிறேன். அக்காவை உள்ளூரிலேயே கொடுத்தார்கள்.

மாமா மாங்காய் மண்டியில் எடை போடுகிறவர். எங்கள் பக்கத்தில் அது லேசான வேலை இல்லை. சீசனில் டிராக்டர் டிராக்டராக வந்து நிற்கும். எடை கூடினால் வியாபாரி கத்துவான், குறைந்தால் தோட்டக்காரன் கத்துவான். மாமா போட்ட எடைக்கு இருவருமே கத்தியதில்லை. தராசில் கை வைக்காத ஆள் என்று விசாரித்து வந்துதான் எங்கள் நைனா அக்காவை அவருக்குக் கொடுத்தது. மாப்பிள்ளைக்கு நிலம் எவ்வளவு என்றுகூட நைனா கேட்கவில்லை என்று அம்மா கடைசிவரைக்கும் குறைப்பட்டுக்கொண்டிருந்தாள்.

கொரோனா வந்து ரயில்கள் நின்று, மறுபடி ஓடத் தொடங்கியபோது எங்கள் ஊரில் நிற்கவில்லை. கட்சிக்காரர்கள் மனுக் கொடுத்தார்கள், கூட்டம் போட்டார்கள், யார் யாரையோ பிடித்தார்கள். கடைசியில் சோதனையாகக் கொஞ்ச காலம் நிறுத்திப் பார்ப்போம், ஆட்கள் ஏறினால் தொடரும், இல்லாவிட்டால் கிடையாது என்று உத்தரவு வந்தது. அக்காவுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது என்று டாக்டர்கள் சொன்னதும் ஏறக்குறைய அந்தச் சமயத்தில்தான்.

வாரத்துக்கு மூன்று தடவை டயாலிசிஸ். சித்தூரில் கேட்டுப் பார்த்தேன், இடமில்லை. புத்தூரிலும் இல்லை. திருப்பதியில் ஒரு ஆஸ்பத்திரியில் கிடைத்தது, அரசாங்கக் கார்டில் இலவசமாக. நான்கு மணி நேரம் மிஷினோடு கிடந்துவிட்டு எழுந்தால் அக்காவுக்குத் தலை நிற்காது. வரும்போது சாயங்கால ரயிலில் ஒரு பெஞ்சு முழுக்க அவளுக்கு விட்டுவிடுவார்கள். காலை நீட்டிப் படுத்துக்கொள்வாள். தலைமாட்டில் மாமா உட்கார்ந்து, ஊசி குத்தின கை எங்கும் இடிபடாமல் தன் மடியில் வைத்துக்கொண்டு வருவார். தூங்கி எழுந்தால் ஊர். அவள் உயிரோடிருந்ததே அந்தப் பெஞ்சினால்தான் என்று நான் நினைக்கிறேன். டாக்டர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

இவ்வளவுக்கும் நடுவில், தன் செலவைத் தானே கொடுக்க வேண்டும் என்ற மாமாவின் கொள்கை மாறவில்லை, அதுதான் வேடிக்கை. ராத்திரிச் சாப்பாட்டோடு டிவியில் ரயில் கட்டணச் சண்டையைப் பார்ப்பார். ஒரு கட்சிக்காரர், ரயில் ஏழைகளுக்கானது, நஷ்டத்தை அரசாங்கம் தாங்கத்தான் வேண்டும் என்பார். இன்னொருவர், ஏற்கெனவே ஒவ்வொரு டிக்கெட்டிலும் அரசாங்கம் பாதியைத் தாங்குகிறது, இன்னும் எவ்வளவு என்பார். வயதானவர்களுக்கு இருந்த சலுகையைத் திருப்பிக் கொடு என்று ஒருவர் மேஜையைத் தட்டுவார். மாமாவும் அந்தச் சலுகையை இழந்தவர்தான். ஆனால், "நடக்கிறவன் காசுல நான் ஏன் ரயிலேறணும்?" என்று டிவிக்குப் பதில் சொல்வார்.

எங்கள் ஊர் வார்டு மெம்பர் எதிர்க் கட்சி. ஊருக்கு எதிர்க் கட்சி இல்லை, மாமாவுக்கு எதிர்க் கட்சி. பல நாள் மாமா வீட்டுக்கு வந்து உட்கார்ந்து வாதாடுவார்.

"ரோடு போடறாங்களே, அதுல லாபமா வருது? ரயிலுன்னா மட்டும் இன்னாத்துக்குக் கணக்குப் பாக்கற?"

"ரோட்ல போற வண்டிக்கு டீசல் ஊத்தறது யாரு? நீதான ஊத்திக்கினு போற?"

அக்கா சுவரில் சாய்ந்தபடி கேட்டுக்கொண்டிருப்பாள். ஒருநாள் என்னைப் பார்த்து, "ரயிலுக்கு முழுக் காசு குடுக்கணுமாம் இவருக்கு. என் ரத்தத்த சுத்தம் பண்ற மிசினுக்கு யாரு குடுக்கறாங்கன்னு கேளு," என்றாள்.

"அது வேற," என்றார் மாமா.

"எப்டி வேற?"

மாமா தமிழ்ச் சேனலை மாற்றித் தெலுங்குச் சேனல் வைத்தார். அங்கேயும் அதே சண்டைதான் நடந்துகொண்டிருந்தது. அக்கா சிரித்த சிரிப்பில் மெம்பருக்குப் புரையேறிவிட்டது. நாங்கள் நன்றாக இருந்த காலம் என்று எனக்கு நினைவிருப்பது அந்த மாதங்கள்தான், அவள் உடம்பு அப்படி இருந்தும்கூட.

சோதனைக் காலம் முடிகிற சமயம் பார்த்து ஒரு அதிகாரி காலை ரயிலில் வந்து நேரில் பார்க்கப் போகிறார் என்று டிக்கெட் கொடுக்கிறவர் மெம்பர் காதில் போட்டார். மெம்பர் வீடு வீடாகப் போனார். "நாளைக்கு எல்லாரும் ரயிலு ஏறணும். ரேணிகுண்டா வரைக்கும் போய் டீ துன்னுட்டு, சீ, டீ குட்ச்சிட்டு வந்துடலாம்," என்று அவர் அவசரத்தில் உளறியதை ஊர் முழுக்கச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

அன்றைக்கு எனக்குப் பள்ளி விடுமுறை. நான் ஊரில்தான் இருந்தேன். பிளாட்பாரத்தில் கல்யாணத்துக்குக் கிளம்பிய கூட்டம் மாதிரி ஜனம். இடுப்பில் பிள்ளையோடு பெண்கள், ரயிலில் எந்தப் பக்கம் ஏறுவது என்று கேட்கிற கிழவர்கள். டிக்கெட் கொடுக்கிறவர் கை ஓயாமல் கிழித்துக்கொண்டிருந்தார். அன்று அக்காவுக்கு டயாலிசிஸ் நாள். பச்சைப் புடவை கட்டிக்கொண்டு முன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். மெம்பர்தான் அங்கே உட்காரச் சொன்னார், அதிகாரி இறங்கியதும் கண்ணில் படட்டும் என்று.

ரயில் வந்தது. அதிகாரி இறங்கினார். நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு லேசாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்து மெம்பருக்குப் பதற்றமாகிவிட்டது. அந்தப் பதற்றத்தில் அவர் செய்ததை எங்கள் ஊர்க்காரர்கள் மட்டும்தான் செய்வார்கள். மாமாவின் தோளைப் பிடித்து முன்னால் தள்ளி, "சார், இவரக் கேளுங்க. ஊர்லயே பொய் பேசாத ஆளு," என்று தெலுங்கிலும் தமிழிலும் சொன்னார்.

மெம்பரைச் சொல்லிக் குற்றமில்லை. பெண்டாட்டியின் உயிர் அந்த ரயிலில் இருக்கிறது, இந்த ஆள் என்ன மாற்றியா சொல்லப் போகிறார் என்று யாருக்கும் தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

அதிகாரி மாமாவைப் பார்த்து, தினமும் இத்தனை பேர் ஏறுகிறார்களா என்று தெலுங்கில் கேட்டார். "ரோஜூ இந்த மந்தி எக்குதாரா?"

மாமா கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார்.

"லேது சார்," என்றார்.

இல்லை சார். அவ்வளவுதான். பிறகு, தினமும் ஏழெட்டுப் பேர்தான், அதில் ஒருத்தி என் வீட்டுக்காரி, அவளுக்கு இந்த ரயில் இல்லாவிட்டால் வேறு வழி கிடையாது என்றும் சொன்னார். அதையும் உண்மையாகத்தான் சொன்னார். அதிகாரி அக்கா பக்கம் திரும்பிப் பார்த்துத் தலையை ஆட்டினார். விசில் ஊதிவிட்டார்கள். ஏறினவர்கள் ஏறினார்கள், மற்றவர்கள் டிக்கெட்டும் கையுமாக நின்றார்கள். யாரும் மாமாவைத் திட்டவில்லை. மெம்பர் மட்டும் தன் நெற்றியில் ஒரு தட்டுத் தட்டிக்கொண்டு நடந்து போய்விட்டார்.

கொஞ்ச நாளில் ரயில் நிற்பது நின்றது.

அதற்குப் பிறகு ஆட்டோவில் புத்தூர், அங்கிருந்து பஸ்ஸில் திருப்பதி. பெண்களுக்கு பஸ்ஸில் டிக்கெட் கிடையாது என்று ஆன பிறகு கால் வைக்க இடமில்லை. ரயிலுக்குக் காசு கொடுத்துப் படுத்து வந்தவள் பஸ்ஸில் இலவசமாக நின்று வந்தாள். ஒரு தடவை வழியிலேயே மயங்கி விழுந்தாள். அதோடு மாமா பைக்கில் கூட்டிப் போக ஆரம்பித்தார். திரும்பும்போது பின்னால் உட்கார்ந்து அவள் தூங்கிவிடுவாள் என்று, அவளையும் தன்னையும் சேர்த்து இடுப்பில் ஒரு துண்டால் கட்டிக்கொண்டு வருவாராம். லாரிகள் போகிற ரோட்டில், அந்த வயதில். திருப்பதியில் ஒரு அறை பார்த்துத் தங்கலாம் என்றும் சொன்னார். அக்கா பத்து நாள் இருந்து பார்த்துவிட்டு, அங்கே சாகிறதுக்கு வீட்டிலேயே சாகிறேன் என்று வந்துவிட்டாள்.

சனிக்கிழமைகளில் நான் சித்தூரிலிருந்து பஸ் பிடித்து நேராக ஆஸ்பத்திரிக்குப் போய்விடுவேன். புத்தலப்பட்டு தாண்டும்வரை மாமாவை மனதுக்குள் திட்டிக்கொண்டே போவேன், அதற்கு அப்புறமும் திட்டுவேன். அவரோடு பேசுவதை நிறுத்தியிருந்தேன். அவர் வாங்கி வந்த டீயைக்கூட வேண்டாம் என்று சொல்லிவிடுவேன். ஒருநாள் மிஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது அக்காவிடம் கொட்டித் தீர்த்தேன். ஒரு வார்த்தை, ஆமாம் என்று ஒரு வார்த்தை, அதில் என்ன கொள்ளை போயிருக்கும் இந்த மனுஷனுக்கு என்று கேட்டேன்.

அக்கா கண்ணை மூடியபடியே சொன்னாள். "பொய் சொல்லாத ஆளுன்னுதான நைனா என்ன இவருக்குக் குடுத்துச்சு. இத்தினி வருசம் அதயே சொல்லிச் சொல்லிப் பெருமப் பட்டுக்கினு, இப்ப எனக்காவ மட்டும் பொய் சொல்லுன்னா எப்டி?"

"உனக்குக் கோவமே இல்லியா?"

"கீது. கோவம் இல்லாத இருக்குமா?" என்றாள். "அவராண்ட சொல்லாத."

மூன்று தடவை என்பதை அவளே இரண்டாக்கினாள். ரெண்டு போதும், உடம்பு நல்லாத்தான் கீது என்று எங்களுக்குச் சொன்னாள். முகம் ஊதி, மூச்சு வாங்கியபோதும் அதையேதான் சொன்னாள். அந்த வீட்டில் பொய் சொல்லத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். மாம்பூ வைத்திருந்த நேரம், ஒரு விடியற்காலையில், ஆட்டோ வந்து சேர்வதற்குள் போய்விட்டாள்.

கருமாதிக்கு வந்தவர்கள் மத்தியானத்துக்குள் கிளம்பிவிட்டார்கள். நான் பாத்திரங்களை ஒழித்துப் போட்டுக்கொண்டிருந்தேன். மாமா மொட்டைத் தலையோடு கிணற்றடியில் உட்கார்ந்து அண்டாவைத் தேய்த்துக்கொண்டிருந்தார். விடுங்கள் என்று எத்தனை பேர் சொல்லியும் கேட்கவில்லை. தேய்ப்பதை நிறுத்தாமல் கூப்பிட்டார்.

"ஏம்மா, நீ கணக்கு டீச்சரு. யோசிச்சுச் சொல்லு. அன்னிக்கு நானு ஆமான்னு சொல்லியிருந்தா ரயிலு நின்னுக்கினு இருந்திருக்குமா?"

இந்தக் கேள்விக்கு என்னிடம் பல மாதங்களாகப் பதில் தயாராக இருந்தது. நின்றிருக்கும் மாமா, அவள் இருந்திருப்பாள் என்று அவர் முகத்துக்கு நேராகச் சொல்ல வேண்டும் என்று பஸ்ஸில் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்திருக்கிறேன். கணக்காகப் பார்த்தால் யாருக்கும் தெரியாது. விற்ற டிக்கெட்டு என்னவோ கொஞ்சம்தான். ஆனால் அந்த அதிகாரி அக்காவைத் திரும்பிப் பார்த்தாரே, மனசு வைத்திருந்தால் ஏதாவது செய்திருப்பார் என்றுதான் நான் நம்பிக்கொண்டிருந்தேன், இன்றும் நம்புகிறேன்.

மாமாவின் கையெல்லாம் சாம்பல். துண்டு கட்டிக் கட்டி இடுப்பு வேட்டி ஒரு பக்கம் நைந்திருந்தது.

"நின்னிருக்காது மாமா," என்றேன். "அவங்க முன்னாடியே முடிவு பண்ணிட்டுத்தான் வந்தாங்களாம். டிக்கெட் குடுக்கறவரே என்னாண்ட சொன்னாரு. நீ இன்னா சொல்லியிருந்தாலும் அதேதான்."

டிக்கெட் கொடுக்கிறவர் என்னிடம் அப்படி எதுவும் சொன்னதில்லை. மாமா தேய்ப்பதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கோபமில்லை.

"ஒனக்கு எவ்ளோ சுளுவா வருது பாரு," என்றார். "எனக்கு அன்னிக்கு வரலியேம்மா."