ஒற்றை டேக்

அந்தக் கேள்வி இப்போதும் இணையத்தில் இருக்கிறது. நிரல் எழுதுகிறவர்கள் ஒருவரையொருவர் கேட்டுத் தெளிகிற தளம் அது. கேள்வி எதைப் பற்றியது என்று காட்ட, அதன் கீழே ஐந்து டேக் வரை போடலாம். அண்ணர் ஒன்றுதான் போட்டார்.

அண்ணர் என்றால் திருகோணமலைத் துறைமுகத்துக்குப் பக்கத்திலிருந்த எங்கள் சின்னக் கந்தோரின் மூத்த நிரலாளர். மீன்பிடிப் படகுகளில் பூட்டிய கருவி அனுப்பும் வரிகளைப் படித்து, படகு நிற்கும் இடத்தைத் திரையில் காட்டுவது எங்கள் நிரல். ஒரு காலையில் கருவிக்காரர்கள் சொல்லாமல் கொள்ளாமல் வரிகளின் அமைப்பை மாற்றிவிட, நிரல் படுத்துவிட்டது. அன்றைக்கென்று பார்த்து, குச்சவெளியிலிருந்து போன அண்ணருடைய தம்பியின் படகு கரை திரும்பவில்லை. வரிகள் வந்துகொண்டுதான் இருந்தன. தம்பி எங்கே என்பது அந்தக் கிறுக்கலுக்குள் இருந்தது, எங்களால் படிக்க முடியவில்லை. தேடப் போகிறவர்கள் இடம் கேட்டு அழைத்தபடியே இருந்தார்கள்.

கருவிக்காரர்கள் தொலைபேசியை எடுக்கவில்லை. அண்ணர் வரிகளை அப்படியே ஒட்டிக் கேள்வியைப் போட்டார். டேக்காக, கருவியின் முழுப் பெயரை எண்ணோடு சேர்த்துப் புதிதாக உருவாக்கினார். நிரல்மொழியின் பெயரையும் போடுங்கள், உலகமே பார்க்கும் என்று மன்றாடினேன்.

"பொதுவாப் போட்டால் கண்டவனும் வந்து கதைப்பான். சரியான பேரைப் போட்டால் தெரிஞ்சவன் வருவான்."

அது அவர்கள் வீட்டுப் பழக்கம். மீன் படுகிற பாறைகளுக்குத் தங்களுக்குள் மட்டும் பெயர் வைத்திருப்பார்கள், வேறு படகுகள் வந்து வலை போட்டுவிடக் கூடாதென்று.

மத்தியானமாகியும் ஒருவரும் வரவில்லை. அன்று பிறந்த டேக்கை யார் பின்தொடர்வார்? அண்ணர் பக்கத்தைத் திரும்பத் திரும்பப் புதுப்பித்துக்கொண்டிருந்தார். எனக்கு அவர்மேல் ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன. கடைசியில் கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பி, "எனக்கு ஏலாது தங்கச்சி, நீங்களே போடுங்கோ" என்றார். மொழியின் பெயரைச் சேர்த்தேன். தேநீர் ஆறுவதற்குள் எந்த நாட்டுக்காரரோ பதில் எழுதிவிட்டார். எண்களைப் பின்னாலிருந்து படியுங்கள், அவ்வளவுதான். திரையில் புள்ளி வந்தது.

படகு அந்த இடத்திலேயே கிடந்தது, கவிழ்ந்து. தம்பி இல்லை. காலையிலேயே அந்தப் புள்ளி வந்திருந்தால் என்று நான் நினைக்காத நாளில்லை.

செத்தவீட்டுக்கு வந்த கிண்ணியாப் படகுக்காரர் ஒருவர், விடியற்காலையில் றேடியோவில் தம்பியின் குரலைத் தாங்கள் கேட்டதாகச் சொன்னார்.

"படகுக்குள்ள தண்ணி வருது, சின்னம்மாக் கல்லில நிக்கிறன் எண்டு திரும்பத் திரும்பச் சொன்னவர். அது எங்க எண்டு கேட்டம். பிறகு சத்தமில்லை."

விசாரித்தால், அந்தக் கிண்ணியாக்காரர்கள் நின்றது அதற்கு அடுத்த பாறையில்.

இன்று அந்தப் பக்கத்தைத் திறந்தேன். வேறெவரும் பாவிக்காததால் அண்ணருடைய டேக்கைத் தளக்காரர்கள் நீக்கிவிட்டார்கள். நான் போட்டது மட்டும் நிற்கிறது. அண்ணர் வேலையை விட்டுவிட்டார். இறங்குதுறையில் நின்று, கடலுக்குப் போகிற எந்த ஊர்க்காரரையும் மறித்து, சின்னம்மாக் கல் எங்கே இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்.