சுருட்டிய இலைகள்

கணவன் செத்ததும் நாற்றுப்பண்ணையின் நல்ல பாதியைக் கொழுந்தன் வளைத்துப் போட்டான். கல்லும் கரடுமான மூலையில் எலுமிச்சங்கன்று வளர்த்தே அவள் காலம் தள்ளினாள். அங்கும் ஓர் அந்துப்பூச்சி வந்தது. இளந்துளிரில்தான் முட்டையிடும். புழு இலைத்தோலுக்குள் வெள்ளிக்கோடாகக் குடைந்து, இலையோரத்தைச் சுருட்டிக்கொண்டு தூங்கி, பூச்சியாக விழித்துப் பறக்கும். ஒவ்வொரு சுருட்டலையும் கொழுந்தன் கழுத்தாக நினைத்து நகத்தால் நசுக்குவாள்.

ஒருநாள் அவன் வேலியோரம் வந்து இளித்தான். "உரத்த அள்ளிக் கொட்டினேன் அண்ணி, என் பக்கத்து எலுமிச்சை பூரா துளிரு! உங்களுது எல்லாம் முத்தின இலையால்ல இருக்கு?"

"எனக்கேது அந்தக் கொடுப்பினை? இன்னும் ரெண்டு கூடை போடுங்க தம்பி."

அன்று அவள் ஒன்றையும் நசுக்கவில்லை. "முழிச்சதும் அந்தப் பக்கம் போங்கடி," என்று சுருட்டல்களிடம் குனிந்து சொன்னாள். "உங்க பிள்ளைங்களுக்குப் பந்தி போட்டு வெச்சிருக்கான்."