சம்பந்தி என்னை மறுத்துப் பேசாத வருடம்

காஹாங்கில் ஒரு மளிகைக் கடையில் சில போத்தல்கள் மீதம் இருப்பதாகக் கேள்விப்பட்டு, அந்தச் சனிக்கிழமை காலை நானும் சம்பந்தியும் புறப்படுவதாக இருந்தோம். காரின் முன்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது மகன் கதிர் ஜொகூர் பாருவிலிருந்து அழைத்தான்.

"அப்பா, கார எடுத்துட்டீங்களா?"

"இன்னும் இல்ல. என்னா?"

"எடுக்க வேணாம். நான் வந்து கூட்டிட்டுப் போறேன். மாமா போயிட்டாரு."

மாமா என்றால் அவனுடைய மாமனார், என் சம்பந்தி அருளப்பன். காலையில் கோப்பி குடிக்க உட்கார்ந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். நான் துணியைப் பிழிந்து காயப்போட்டேன். ரெங்கத்திலிருந்து குளுவாங்கில் இருக்கும் அவர் வீட்டுக்கு நானே காரை ஓட்டிக்கொண்டு போனேன். என்னை யாரும் கூட்டிப் போக வேண்டியதில்லை.

அடக்கத்தன்று தேவாலயத்தில் பலர் பேசினார்கள். நல்ல கணவர், நல்ல தந்தை, பாடற்குழுவில் தவறாமல் நின்றவர் என்றார்கள். எல்லாம் உண்மை. "எந்தக் கெட்ட பழக்கமும் இல்லாதவர்" என்று ஒருவர் சொன்னபோது வரிசை வரிசையாகத் தலைகள் ஆடின. சம்பந்தியான என்னைப் பேச அழைக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. நான் வாயைத் திறந்தால் என்ன வரும் என்று பயந்திருக்கலாம். ஆகவே அவரை அறிந்தவர்கள் படிக்கும் இந்த நினைவு மலரில் எழுதுகிறேன். அருளப்பன் பீர் குடித்தார். என்னோடு குடித்தார். அது கெட்ட பழக்கம் என்றால் என் பெயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பிள்ளைகளின் திருமண விருந்தில்தான் அது தொடங்கியது. அதற்கு முன் நாங்கள் இருவரும் சொட்டுக்கூடத் தொட்டதில்லை. தோட்டத்தில் சம்சு என்னும் மட்டச் சாராயம் என் தகப்பனாரைக் கொண்டுபோனது. அவருடைய அண்ணனையும் அதுவே கொண்டுபோனது. அன்று மகனின் சீன நண்பன் ஒருவன், தெரிந்தவர்களின் சிறிய ஆலையில் காய்ச்சிய பீர் என்று ஒரு போத்தலை எங்கள் மேசையில் வைத்துவிட்டுப் போனான். சம்பந்திகள் இருவரும் பேச ஒன்றுமில்லாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். மரியாதைக்காக அவர் ஒரு வாய் குடித்தார்.

"இதுல கொத்தமல்லி இருக்கு" என்றார்.

நானும் ஒரு வாய் குடித்தேன். "கொத்தமல்லி இல்ல. தோல் வாசம். ஆரஞ்சுத் தோல்."

"இல்ல சம்பந்தி. கொத்தமல்லி."

பெண் கொடுத்தவர் மாப்பிள்ளையின் தகப்பனிடம் திருமண விருந்திலேயே "இல்ல" என்று சொல்வதை எங்கள் பக்கத்தில் யாரும் கேட்டதில்லை. சம்பந்தி என்றால் வாய் நிறைய "ஆமாங்க" தான். சொந்தக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மகனின் நண்பனைக் கூப்பிட்டு லேபிளைப் படிக்கச் சொன்னோம். கொத்தமல்லி விதை, ஆரஞ்சுத் தோல், இரண்டும் என்றான். இருவரும் அவரவர் பாதியை வைத்துக்கொண்டோம். மற்றவர் பாதியை ஒப்புக்கொள்ளவில்லை.

அதன்பின் சனிக்கிழமைகள் எங்களுடையவை ஆயின. ஜொகூர் பாருவுக்கு வெளியே, கார்ப் பட்டறைகளுக்கு நடுவே இருந்தது அந்த ஆலை. அங்கே பீர் காய்ச்சும் ஆ கியோங் ஒரு தடவை செய்ததை மறுபடி செய்யமாட்டார். பொந்தியான் அன்னாசி ஒரு மாதம், காந்தான் என்னும் இஞ்சிப் பூ ஒரு மாதம், உப்புப் போட்ட புளிப்புப் பிளம் ஒரு மாதம். கொஞ்சமாகக் காய்ச்சி, எந்த ஊர்க் கடை கேட்டதோ அங்கே அனுப்பிவிடுவார். நாங்கள் போய்ச் சேரும்போது பெரும்பாலும் "ஹாபிஸ் லா, அங்கிள்" என்று கடைக்காரர் கையை விரிப்பார். தீர்ந்துபோயிருக்கும். வேறு எந்தக் கடைக்குப் போயிருக்கும் என்று விசாரித்துக்கொண்டு அடுத்த ஊருக்குப் போவோம். கிடைத்தால் வீட்டுக்குக் கொண்டுவந்துதான் திறப்போம். ஒரு போத்தல், இரண்டு கிளாஸ், அதற்குமேல் இல்லை. லேபிள் தெரியாமல் செய்தித்தாளால் சுற்றித் தரும்படி கடைக்காரரிடமே சொல்லிவிடுவோம். இருவரும் வாயைத் திறந்து சொன்ன பிறகுதான் தாளைப் பிரிக்க வேண்டும்.

மூவாரில் ஒரு தடவை கிடைத்ததை நான் மறக்கமாட்டேன். அவர் மேசை நாற்காலித் தொழிற்சாலையில் வார்னிஷ் அடித்துக் காலம் கழித்த ஊர் அது. சந்து சந்தாகத் தெரியும். ஆற்றோரக் கடை ஒன்றில் கடைசிப் போத்தலை எடுத்துக்கொண்டு, அங்கிருந்த அவருடைய பழைய நண்பர் வீட்டிலேயே திறந்தோம். நிறம் செம்பருத்தித் தண்ணீர் மாதிரி இருந்தது.

"கசப்பு" என்றேன்.

"கசப்பு இல்ல சம்பந்தி, துவர்ப்பு. கசப்பு நாக்குல நிக்கும். துவர்ப்பு கன்னத்தப் பிடிச்சு உள்ள இழுக்கும்."

"எனக்கு யாரும் கன்னத்தப் பிடிக்கல."

"உங்க கன்னத்துல பிடிக்கிறதுக்கு என்னா இருக்கு?"

நண்பர் வீட்டுக்காரர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. தாளைப் பிரித்தால் மங்குஸ்தீன் தோல். துவர்ப்புத்தான் என்று அவர் மேசையைத் தட்டினார். மங்குஸ்தீன் தோலைக் கடித்தால் கசக்கும் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும் என்றேன். குளுவாங் வரும்வரை காரில் இதே பேச்சு. நான் ஆறாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடம் போகாதவன். செம்பனை ஆலையில் இயந்திரம் பழுது பார்த்ததும், தமிழில் நாலு வரி எழுதுவதும் நானாகக் கற்றுக்கொண்டவை. எதையும் யாரும் சொல்லி நான் ஒப்புக்கொண்டதில்லை. அது கசப்புத்தான்.

போன வருடம் அவருக்கு ஒரு காய்ச்சல் வந்து போனது. பத்து நாள் படுத்திருந்து எழுந்தார். அதன்பிறகுதான் அந்த மாற்றம். நான் அன்னாசி என்றால் அவரும் அன்னாசி. நான் புளிப்பு என்றால் "ஆமா சம்பந்தி, நல்ல புளிப்பு." முதலில் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, மறைக்கவில்லை. இத்தனை வருடம் கழித்து மனுஷனுக்குப் புத்தி வந்தது என்று நினைத்தேன். பிறகு உறுத்தத் தொடங்கியது. இது நண்பன் பேச்சு இல்லை, சம்பந்திப் பேச்சு. உறவு கெடாமல் இருக்க மேலுக்குச் சொல்லும் "ஆமாங்க." எதிலோ மனம் நொந்து என்னைத் தூர நிறுத்திவிட்டார் என்று முடிவு செய்தேன். காரணமும் நானே கண்டுபிடித்தேன். பேத்திக்குப் பெயர் வைத்தபோது அவர் சொன்ன பெயரை நான் ஏற்கவில்லை. இன்றும் பிள்ளைக்கு இரண்டு பெயர். அதைத்தான் மனதில் வைத்திருக்கிறார் என்று எண்ணினேன்.

சோதித்தும் பார்த்தேன். கறுப்பு பீர் ஒன்று. மூடியைத் திறந்ததுமே குளுவாங் கோப்பிக் கடைக்குள் நுழைந்த மாதிரி வறுத்த கோப்பி வாசம். நான் வேண்டுமென்றே, "பாண்டான் இலை வாசம் வருதுல்ல?" என்றேன்.

அவர் ஒரு வாய் குடித்தார். "ஆமா சம்பந்தி. நல்லா வருது."

தாளைப் பிரித்தேன். லேபிள் முழுக்கக் கோப்பிக்கொட்டைப் படம்.

"அலமாக்" என்று சிரித்தார். "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்னு நெனச்சேன்."

கிழவன் உளறுகிறான், ஆமாம் போட்டுவிட்டுப் போவோம் என்று எண்ணியிருக்கிறார். எனக்கு அப்படித்தான் பட்டது. அடுத்த சில சனிக்கிழமைகள் நான் அவரை அழைக்கவில்லை. ஒரு நாள் அவரே பஸ் பிடித்து ரெங்கத்துக்கு வந்துவிட்டார். செய்தித்தாள் சுற்றிய போத்தலைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றார்.

"கோவமா சம்பந்தி?"

"எனக்கு என்னா கோவம்? நீங்கதான் மறுத்துப் பேசறதையே விட்டுட்டீங்க."

"வயசாச்சு லா. எவ்வளவு நாளைக்குச் சண்ட போடறது?"

"சண்ட போடலன்னா இந்த வெயில்ல எதுக்கு வந்தீங்க?"

"நீங்க சொல்றதக் கேக்கத்தான். கிளாஸ எடுங்க."

எடுத்தேன். அன்றும் நான் சொன்னதற்கெல்லாம் ஆமாம் சொன்னார். சரி, இனி இப்படித்தான் என்று விட்டுவிட்டேன். அதன்பின் ஒரு சனிக்கிழமைகூடத் தவறவில்லை.

அடக்கம் முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு, அவர் வீட்டுச் சமையலறையில் மருமகள் ஸ்டெல்லா எனக்குச் சோறு போட்டுக்கொண்டு வந்தாள். குழம்பை ஊற்றும்போதே அழத் தொடங்கிவிட்டாள்.

"அப்பாவுக்கு இந்தக் குழம்பு ரொம்பப் பிடிக்கும் மாமா. போன வருஷத்துலேருந்து ஒண்ணும் தெரியல."

"என்னா தெரியல?"

"வாசன. ருசி. காய்ச்சல் வந்தப்ப போனது, திரும்பவே இல்ல. எதத் தின்னாலும் அட்டைய மெல்ற மாதிரி இருக்குன்னு சொல்வாரு."

"பீர்?" என்றேன்.

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "தண்ணி மாதிரின்னு சொன்னாரு."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"நாங்க சொல்லச் சொன்னோம் மாமா. அவருதான் கேக்கல. சம்பந்தியம்மா போனப்பறம் அந்த மனுஷன் வீட்ட விட்டு வெளிய வர்றதே சனிக்கிழமதான், நான் இதச் சொன்னா அதுவும் நின்னுபோயிடும்னு சொன்னாரு."

சோற்றை முடிக்காமல் எழுந்தேன். துக்கத்தால் மட்டும் அல்ல. கோபம்தான் முதலில் வந்தது, இன்னும் போகவில்லை. என் மனைவி போன பிறகு நான் எப்படி இருக்கிறேன் என்று யாரிடமும் நான் சொன்னதில்லை. என்மேல் இரக்கப்படும்படி அவரைக் கேட்டதும் இல்லை. சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் வாசனையே இல்லாத மனிதரோடு வாசனையைப் பற்றிச் சண்டை போடவும் நான் ஒரு வழி கண்டுபிடித்திருப்பேன். அந்த அளவுக்கு என்னைத் தெரிந்துவைத்திருந்தவர் இதை மட்டும் நம்பாமல் போய்விட்டார். நெஞ்சடைப்பு இத்தனை அவசரப்படும் என்று எனக்கும் தெரியாது.

அவரைப் புகழ்ந்து முடிக்க வேண்டிய இடத்தில் இருக்கிறேன். எனக்கு அது வராது. என்னிடம் மிஞ்சியிருப்பதை மட்டும் சொல்கிறேன். போன வருடம் அவர் ஒப்புக்கொண்ட எதையும் நான் வைத்துக்கொள்ளவில்லை. அந்த வெற்றிகள் செல்லாது. அவற்றைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அவர் வந்து உட்கார்ந்திருந்த அந்தச் சனிக்கிழமைகளை மட்டும் வைத்திருக்கிறேன். இப்போது யோசித்தால் ஞாபகம் வருகிறது, அவர் கிளாஸைப் பார்க்கவே மாட்டார். ஒரு வாய் குடித்துவிட்டுக் கீழே வைத்து, என் முகத்தையே பார்த்திருப்பார். நான் என்ன சொல்லப்போகிறேன் என்பதற்காகக் காத்திருக்கிறார் என்று நினைத்தேன். அவருக்கு அது வெறும் தண்ணீர். அந்த ஒரு வருடம் முழுக்க நான் சுவை பார்த்தேன். அவர் என்னைப் பார்த்துக்கொண்டார்.