நாலாம் பிரஸ்ஸை நிறுத்தச் சொன்ன தாள்

ஜப்பானின் ஹமாமாத்சு நகரில் கார் கதவுத் தகடு அடிக்கும் தொழிற்சாலை ஒன்றில், பாதுகாப்புப் பிரிவில் பத்தொன்பது வருடமாக வேலை பார்க்கிறாள் நாகிசா ஓனுகி. நாலு பேர் முன்னால் எழுந்து நின்றால் அவள் குரல் நூலாகிவிடும். அதனால் சொல்ல வேண்டியதையெல்லாம் தாளில் எழுதிக் கொடுத்தே தப்பித்து வந்தாள். ஒரே தாள்தான். அதற்கு மேல் ஆலைத் தலைவர் குசுமி படிக்க மாட்டார்.

இந்த முறை விஷயம் ஒரே வரி. தகடு அழுத்தும் நாலாம் பிரஸ்ஸில், கை உள்ளே போகாமல் காக்கும் தடுப்பு விரிசல் விட்டிருக்கிறது. நிறுத்தாவிட்டால் யாருக்காவது கை போகும். வியாழக்கிழமை மூன்று மணிக் கூட்டத்தில் குசுமி தலையசைத்தால்தான் நிறுத்த முடியும்.

கூட்டத்துக்கு முன்பே பிரிவுத் தலைவர்கள் எல்லோரிடமும் தாளைக் காட்டி ஒப்புதல் முத்திரை வாங்கிவிட வேண்டும். மூன்று நாள் மேசை மேசையாகப் போய்க் குனிந்து வணங்கினாள். யாரும் மறுக்கவில்லை. ஆளுக்கொன்று சேர்க்கச் சொன்னார்கள், அவ்வளவுதான்.

"எங்க உற்பத்தி வரைபடத்தையும் போட்டுடுங்க ஓனுகி-சான், சின்னதுதானே," என்றார் உற்பத்தித் தலைவர் தொகாஷி. "அப்புறம், 'நிறுத்தணும்'னு இவ்ளோ பெரிசா எதுக்கு? வீடு பத்தி எரியற மாதிரி இருக்கு."

எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள்.

பதினொரு முத்திரை விழுந்த தாளைக் கூட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்பு விரித்துப் பார்த்தாள். ஆறு வரைபடம், பன்னிரண்டு கட்டம். 'நிறுத்த வேண்டும்' என்பது கீழ் மூலையில், எறும்பு எழுத்தில், 'நிறுத்துவது பற்றி ஆராயலாம்' என்று ஆகியிருந்தது. மாற்றியது அவள் கைதான்.

முத்திரை போட்டவர்களின் வரிகளை வெட்டுவது அவர்களை முகத்துக்கு நேரே அவமதிப்பது. தெரிந்தும் புதுத் தாள் எடுத்தாள். விரிசலின் படம், கீழே ஒரே வரி: 'நாலாம் பிரஸ்ஸை நிறுத்த வேண்டும்.' இரண்டு தரம் தப்பாக அச்சடித்தாள்.

கூட்டத்தில் அந்தத் தாளைப் பார்த்ததும், "முத்திரை எங்க?" என்றார் குசுமி.

தொகாஷி சிரித்தார். "தாளை மாத்தி எடுத்துட்டு வந்துட்டாங்க. சரியானதைக் கொண்டுவரச் சொல்லட்டுமா?"

ஆமாம் என்றால் போதும், பிழைத்துப்போவாள்.

"இல்லைங்க. இதுதான்." அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

"படம் எப்ப எடுத்தது?"

"திங்கக்கிழமைங்க."

"இன்னைக்கு வியாழன். மூணு நாளா என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

"முத்திரை வாங்கிட்டிருந்தேங்க."

யாரும் சிரிக்கவில்லை. குசுமி தொலைபேசியை எடுத்து, "நாலை நிறுத்துங்க. இப்பவே," என்றார்.

வெளியே வரும்போது கதவருகே தொகாஷி நின்றிருந்தார். "அடுத்த தாளுக்கு யார்கிட்ட முத்திரை வாங்குவீங்க, ஓனுகி-சான்?" மிக மரியாதையாகக் கேட்டார்.

அவள் குனிந்தாள். அவருடைய காலடி ஓசை தாழ்வாரத்தில் முழுக்கத் தேயும்வரை நிமிரவில்லை.