வெங்காயம் சேர்க்காத நாளில் வந்த வாசனை

முதல் முறை அந்த வாசனை வந்தபோது ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தேன். ஈரச் சாக்கும் சின்ன வெங்காயமும் கலந்த நெடி. ஒட்டன்சத்திரத்தில் வெங்காய மண்டி வைத்திருந்த என் அப்பா வீட்டுக்குள் நுழையும்போது வரும் அதே நெடி. அப்பா இறந்து அப்போது ஒரு வருடம்கூட ஆகவில்லை. சுதாரித்துப் பார்த்தால் தையல் கோணலாக ஓடியிருந்தது.

பிறகு அடிக்கடி வந்தது. திண்டுக்கல்லில் எங்களோடு இருக்கும் அம்மாவிடம் சொன்னேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"உங்கப்பாதான் வாராரு. மக மேல அம்புட்டு உசுரு."

எங்கள் வீட்டில் அமாவாசைச் சமையலில் வெங்காயம் சேர்ப்பதில்லை. அன்றும் வாசனை வந்ததால் அம்மாவுக்குச் சந்தேகமே இல்லாமல் போயிற்று. எனக்கும் பிடித்திருந்தது. வெங்காய நாற்றத்துக்கு ஏங்கியவள் ஊரிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

ஓர் அமாவாசையன்று அப்பா படத்துக்கு முன் இலை போட்டு, சாம்பார்ச் சட்டியைத் துணியால் பிடித்துத் தூக்கி வந்தேன். "வந்துட்டாரும்மா" என்றேன். அம்மா அவசரமாகச் சூடம் ஏற்றினார். நானோ வெறும் வாயை மென்றபடி நின்றேனாம். துணி நழுவியும் கொதிக்கும் சட்டியை விடவில்லையாம். என் கணவர்தான் பிடுங்கி வைத்தார். எனக்கு நினைவு திரும்பியபோது உள்ளங்கை கொப்பளித்திருந்தது.

நரம்பியல் மருத்துவர் இஇஜி (மூளையின் மின்னோட்டத்தைப் பதியும் சோதனை) எடுத்துப் பார்த்துவிட்டு, பொட்டு மடலில் (காதுக்கு மேலே, வாசனையும் நினைவும் அருகருகே இருக்கும் பகுதி) வலிப்பு என்றார்.

"வலிப்புன்னா கைகால் இழுக்கணும்னு இல்லம்மா."

"மாத்திரை போட்டா வாசனை நின்னுருமா சார்?"

"நிக்கணும். அதுக்குத்தான் மாத்திரை."

"அது எங்கப்பா வாசனை சார்."

"வாசனை வந்தப்புறம் என்ன நடக்குதுன்னு தெரியுமா உங்களுக்கு?"

"தெரியாது."

"அப்ப அவரு வந்தாலும் நீங்க அங்க இல்லையேம்மா."

மருந்துக்கடை வாசலில் நின்று அழுதேன். முதல் மாத்திரையை விழுங்கியபோது அப்பாவை இரண்டாம் முறை வழியனுப்புவது போலிருந்தது. இதே தயக்கத்தோடு நீங்களும் மாத்திரையைக் கையில் வைத்திருந்தால், விழுங்குங்கள். தொடக்கத்தில் தூக்கம் அசத்தும், தலை சுற்றும். மருத்துவரிடம் சொன்னால் அளவை மாற்றித் தருவார். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

வாசனை நின்றது. முன்பெல்லாம் என் நாளில் அங்கங்கே தையல் விட்டுப்போன இடங்கள் இருந்தன. இப்போது காலை முதல் இரவு வரை நாள் முழுசாக இருக்கிறது. அப்பாவை நானாகத்தான் நினைத்துக்கொள்கிறேன். வெங்காயத்தை உள்ளங்கையில் தேய்த்து, தோலை ஊதிவிட்டு, "நல்லா காஞ்சிருக்குதுங்க" என்று வியாபாரியிடம் நீட்டுவார். வாசனை வந்த நாட்களில் அவர் முகம் ஒருமுறைகூடத் தெரிந்ததில்லை. இப்போது தெரிகிறது.

போன அமாவாசைக்கும் சாம்பார்ச் சட்டியை நான்தான் தூக்கி வந்தேன். அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாராராடி?"

"இல்லம்மா."

அதற்குள் துணி விலகிச் சட்டி விரலில் பட்டது. "ஸ்ஸ், சுடுதும்மா!" என்று சட்டியைச் சட்டென்று கீழே வைத்தேன். அம்மா பதறிப்போய் என் கையை இழுத்து ஊதினார்.

அவர் ஊதி முடிக்கும்வரை நான் அங்கேயே இருந்தேன்.